ஆளிவிதை பிஸ்கட்டுக்கு ஒரு மதிப்பெண்

"காலத்தை வென்றவர்கள் வரலாற்றில் வெகு சிலரே. அந்த வெகு சிலரில் நமது நிறுவனமும் வரும் திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணி முதல் இடம்பெறுகிறது என்பதைச் சகல ஊழியர்களுக்கும் பெருமிதத்துடன் அறிவித்துக்கொள்கிறோம்."

சுற்றறிக்கை இப்படித்தான் தொடங்கியது. மொத்தம் மூன்று பக்கம். அறிவிப்புப் பலகையிலும், உணவகத்துக் கதவிலும், பெண்கள் கழிப்பறைக் கண்ணாடிக்கு மேலேயும் அதை ஒட்டியிருந்தார்கள். முதல் இரண்டு பக்கங்களில் மனித குலம் தானியத்தைச் சேமிக்கக் கற்றுக்கொண்ட நாள் முதல் இன்று வரையிலான பயணம் விளக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது. இதுவரை பன்னிரண்டு மாதம் என்று அச்சாகிக்கொண்டிருந்த ஆறு பண்டங்களின் ஆயுள் இனிமேல் பதினெட்டு மாதம். பண்டங்களில் ஒரு மாற்றமும் கிடையாது. தேதி அடிக்கும் இயந்திரத்தில் மட்டும் எண்ணை மாற்றிக்கொள்வார்கள்.

எழுதியவர் பொது மேலாளர். அவர் விஷயத்துக்கு வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும் என்பதால் தொழிற்சாலையில் அவருக்கு முகவுரை என்று பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் முகவுரை. அவருக்கும் இது தெரியும் என்றும், அதில் உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

இந்த மகத்தான அறிவிப்பை நாக்கக்கா கை கழுவிக்கொண்டே படித்தாள். படித்து முடித்ததும் கையை இன்னொரு முறை கழுவினாள்.

நாக்கக்காவின் வேலை எளிமையானது. கெட்டுப்போனதைச் சாப்பிட வேண்டும். வேலை உத்தரவில் அதற்கு நான்கு சொல்லில் நீளமாக ஒரு பதவிப் பெயர் இருந்தது. இருபத்தொரு வருஷத்தில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. பொட்டலம் கட்டுகிற பெண்களிலிருந்து கணக்குப் பிரிவுக் கிழவர் வரை எல்லாருக்கும் அவள் நாக்கக்காதான்.

எட்டுக்கு எட்டு அறை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வெந்நீர்க் குடுவை, துப்புவதற்கு ஒரு தொட்டி. எதிர்ச் சுவரில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் மாதிரி அறை. தொழிற்சாலையில் தயாராகிற ஒவ்வொரு ஈட்டுச் சரக்கிலிருந்தும் சில பொட்டலங்களை, தேதி அடிக்கும் இயந்திரத்துக்குப் போகும் முன்பே எடுத்து, கையால் தேதி எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி அந்த அறையில் அடுக்கிவைப்பார்கள். ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அவற்றில் ஒன்று சின்னக் கதவு வழியாக நாக்கக்காவிடம் வரும். அவள் மெல்லுவாள், துப்புவாள், ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மதிப்பெண் போடுவாள். ஒன்பது என்றால் இன்றைக்குச் செய்த மாதிரி. ஐந்து என்றால் பசித்தவன் சாப்பிடுவான். ஒன்று என்றால் பசித்தவனும் சாப்பிடமாட்டான்.

பழசான பண்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி கெடுவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. பால் பவுடர் பழசானால் மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி. ஓட்ஸ் என்றால் வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டின் துணி அலமாரி. முந்திரி பிஸ்கட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மெழுகுக் கலர் பென்சிலைக் கடித்த ருசி வரும். சூப் பவுடர் கல்லாக இறுகி, உடைத்தால் மழைக்காலத்துக் காலுறை மணக்கும். எண்ணெய் சேர்ந்த எதுவும் கடைசியில் காறலில் போய் நிற்கும். அந்தக் காறல் நுனி நாக்கில் தெரியாது. மென்று மூன்று வினாடி கழித்துத் தொண்டைக்குப் பின்னாலிருந்து ஏறி வரும், கூப்பிடாத விருந்தாளி கொல்லை வழியாக வருவதைப் போல.

அவள் ஒன்றும் தேதியைக் கும்பிடுகிறவள் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் ஜாடியும் டப்பாவுமாக அவளிடம் வருவார்கள். உப்புக்கும் சர்க்கரைக்கும் தேதியைப் பார்த்துப் பயப்படாதே என்பாள். உப்பாத தகர டப்பாவைத் தாராளமாகத் திற என்பாள். முகர்ந்து பார், பிறகு கொட்டு என்பதுதான் அவள் கட்சி. ஒருமுறை மாடி வீட்டுக்காரி மூன்று மாதம் தேதி தாண்டிய மாவைக் கொண்டுவந்து, தேதியெல்லாம் சும்மாதானேக்கா என்று கேட்டாள். நாக்கக்கா அதில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் பரப்பினாள். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சற்று நேரத்தில் மாவு தானாக நகர்ந்தது. மாடி வீட்டுக்காரி அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் படிக்கட்டில் இறங்கவில்லை.

வியாழக்கிழமை சோதனை. சுற்றறிக்கை புதன்கிழமையே வந்துவிட்டது, திங்கட்கிழமை விழாவுக்கு அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. முடிவு தெரிந்த பிறகு சோதனை செய்வதில் ஒரு நிம்மதி உண்டு என்று முகவுரை நினைத்திருக்க வேண்டும். பதினெட்டு மாதம் ஆன ஆறு மாதிரிகள் சின்னக் கதவு வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஓட்ஸ், ஒன்பது. பால் பவுடர், ஒன்பது. சூப் பவுடர் மணல் மாதிரி உதிர்ந்தது, ஒன்பது. முந்திரி பிஸ்கட்டைக் கடித்த சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. கோகோ பிஸ்கட்டும் அப்படியே. நாக்கக்காவுக்கே ஆச்சரியம். பதினெட்டு மாதத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லையே என்று யோசித்துக்கொண்டே ஆறாவதைப் பிரித்தாள்.

ஆளிவிதை பிஸ்கட். முகவுரையின் சொந்தக் கண்டுபிடிப்பு. பொட்டலத்தின் மேல் ஓர் இதயம் சிரித்துக்கொண்டிருக்கும். பிரித்த மாத்திரத்தில் அறைக்குள் யாரோ புது ஜன்னலுக்கு வார்னிஷ் அடித்துவிட்டுப் போன வாடை. பிஸ்கட்டின் ஓரங்கள் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தன. ஒரு பிஸ்கட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிசாக நூலாம்படை மாதிரி ஏதோ கட்டியிருந்தது, அதில் தூள் தூளாக எச்சம். நாக்கக்கா நூலில்லாத ஓரமாகப் பார்த்து ஒரு துணுக்கு உடைத்தாள். கண்ணை மூடினாள். வாயில் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அரைக் குடுவை வெந்நீர் காலியான பிறகுதான் அவளால் பேனாவைப் பிடிக்க முடிந்தது. ஒன்று என்று எழுதினாள். அதற்குக் கீழே எண் இருந்திருந்தால் அதை எழுதியிருப்பாள்.

ஒரு மணி நேரத்தில் முகவுரையின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. அவர் மனித நாவின் அமைப்பைப் பற்றி ஆரம்பித்து, புள்ளியியலைத் தொட்டு, தன் இளமைக் காலத்துக்குப் போய்த் திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று. சாரம் இவ்வளவுதான். ஆறில் ஐந்துக்கு ஒன்பது. ஒன்றுக்கு மட்டும் ஒன்று. ஐந்து பண்டங்கள் ஒரு பக்கம் நிற்கும்போது ஆறாவது மட்டும் எப்படித் தனியாகக் கெட்டுப்போகும்? ஆகவே கெட்டது பிஸ்கட் அல்ல.

"இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்லம்மா," என்றார் பரிவோடு. "இருபத்தொரு வருஷம் உழைச்ச நாக்கு. அதுக்கும் ஒரு ஆயுள் இருக்கில்ல?"

வெள்ளிக்கிழமை, நிறுவனத்தின் செலவில், அவளைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு நன்றாக இருப்பதாகவும், வயதுக்கு வேண்டிய நீளம் இருப்பதாகவும் சொன்னார். வந்ததற்கு ஏதாவது தர வேண்டுமே என்று இழுப்பறையைத் துழாவி ஒரு அட்டை சத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். நாக்கக்கா வழக்கம்போல அட்டையைத் திருப்பினாள். தேதி இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது. காட்டினாள்.

"அது கம்பெனிக்காரங்க சும்மா போடறதும்மா," என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாக்கக்கா தன் நாக்கை மேலண்ணத்தில் உரசிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். இருபத்தொரு வருஷத்தில் முதன்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கணவனிடம் கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடமிருந்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிராத அந்த மனிதர் பயந்துபோய்த் தட்டைக் கீழே வைத்தார்.

அவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு விட்டு, மனித இனத்தைப் பற்றி அவருக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் மிச்சமில்லை. வீட்டில் மூன்றாவது ஆள் அவர் தம்பி. நாக்கக்காவின் கொழுந்தன். படிப்பு முடிந்து நான்கு வருஷம் வேலையில்லாமல் கூடத்துச் சோபாவில் படுத்துக் கிடந்தவன். அவன் உருவத்துக்குச் சோபாவில் பள்ளமே விழுந்துவிட்டது. வந்தவர்கள் தெரியாமல் உட்கார்ந்து உள்ளே போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாக்கக்காதான் முகவுரையிடம் நடையாய் நடந்து அவனுக்கு மாதிரி அறைச் சாவியை வாங்கிக் கொடுத்தாள். அதிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். ஆறு மணிக்கு எழுந்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டான், கொஞ்சம் சதையும் போட்டான். போன வருஷம் மாதிரிப் பொருள் பாதுகாப்பில் சிறந்த ஊழியர் என்று சான்றிதழ் வாங்கினான். ஒரு பொட்டலம் எண்ணிக்கையில் குறைந்ததில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சோபாவுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாக்கக்கா கடையிலிருந்து புதிதாக வாங்கி வந்த ஓர் ஆளிவிதை பிஸ்கட் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். தன் நாக்கைத் தவிர வேறொரு நாக்கின் அபிப்பிராயம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"தம்பி, ஒண்ணு கடிச்சுப் பாத்துச் சொல்லேன்."

"ஐயோ அண்ணி, அது வேணாம்," என்றான் கொழுந்தன், பொட்டலத்தைத் தள்ளிவிட்டு. "சுவரைக் கடிச்ச மாதிரி இருக்கும். அதை மட்டும் நான் தொடறதே இல்ல."

நாக்கக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"அதை மட்டும்னா?"

கொழுந்தன் சான்றிதழைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். பிறகு, நல்ல பிள்ளையாக, எல்லாவற்றையும் சொன்னான்.

காலையில் போனதும் ஓட்ஸ். பதினொரு மணிக்கு ஒரு சூப். மாலை டீக்கு அங்கேயே இருக்கும் பால் பவுடர், கூட முந்திரி பிஸ்கட் ஐந்தாறு. சில நாள் கோகோ. இரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. ஆனால் அவன் திருடன் இல்லை. இதைச் சொல்லும்போது அவன் சான்றிதழைக் கையால் காட்டினான். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும், மறுநாள் புது ஈட்டிலிருந்து கூடுதலாக ஒன்று எடுத்து அதே இடத்தில் வைத்து, பழைய ஸ்டிக்கரைப் பக்குவமாக உரித்து அதன்மேல் ஒட்டிவிடுவான்.

"நீங்க வேணா எண்ணிப் பாருங்க அண்ணி. ஒண்ணு குறையாது."

"அது எண்ணறதுக்கு வெச்ச ரூம் இல்லடா," என்றாள் நாக்கக்கா. "பழசாகறதுக்கு வெச்ச ரூம்."

"பழசாகியிருக்கும் அண்ணி. நான்தான் திரும்பத் திரும்ப எடுத்துட்டேன்."

அவளுக்கு ஒரு வினாடி சந்தோஷம் பொங்கியது. நாக்கு சரியாக இருக்கிறது. அந்த அறையில் உண்மையாகவே பதினெட்டு மாதம் ஆனது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அடுத்த வினாடி நாட்காட்டியைப் பார்த்தாள். நாளை விழா. சோதனைப் படிவத்தில் ஆறு பண்டத்துக்கும் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், ஒன்றரை வருஷத்து வார்னிஷையும் நூலாம்படையையும் யார் யார் வீட்டு அலமாரியிலோ அடுக்கி, அதில் அவளுடைய நாக்கால் முத்திரை குத்திய மாதிரி. போடமாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் கொழுந்தன் வெளியே.

கணவர் எழுந்து போய்ச் சோபாவின் பள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "மறுபடி இதுலயா?" என்றார் தாழ்ந்த குரலில். "இந்தா, நான் பாக்காத ஃப்ரிட்ஜா? ஜனங்க இதைவிடக் கேவலமானதை எல்லாம் விரும்பிச் சாப்பிடறாங்க. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடேன்."

கொழுந்தன் சோபாவின் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு, "அண்ணி, நாலு வருஷம் நான் இந்த வீட்ல இருக்கறதே யாருக்கும் தெரியாது. அந்தச் சாவி கைக்கு வந்தப்புறம்தான் என்னைத் தேடி நாலு பேர் வர்றாங்க," என்றான். அது உண்மை. அதனால்தான் அவளால் அவன்மேல் கோபப்பட முடியவில்லை, அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாயிற்று. அவளுடைய முகத்தைப் பார்த்து அவனே ஒரு வழியும் சொன்னான். காலையில் சீக்கிரம் போய் அந்த ஆளிவிதையையும் மாற்றி வைத்துவிடுகிறான். ஆறும் ஒன்பதாகிவிடும். எல்லாருக்கும் நிம்மதி.

"அந்த அலமாரிப் பக்கம் போனே, கையை உடைச்சிடுவேன்," என்றாள் நாக்கக்கா.

அவளுக்கு வேறொரு யோசனை. விழா மேடையில் பதினெட்டு மாதத்துப் பண்டம் ஒன்றை முகவுரை தானே சாப்பிட்டுக் காட்டப் போகிறார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையையா மேடை ஏற்றுவார்? ஆக அவள் எதுவும் பேச வேண்டாம். கொழுந்தனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். பிஸ்கட் பேசிக்கொள்ளும்.

திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணி. பொட்டலப் பிரிவில் இயந்திரங்களை ஓரம் தள்ளி மேடை போட்டிருந்தார்கள். காலத்தை வென்றோம் என்று ஒரு பதாகை. மேடையில் நிறுவனத் தலைவர், எண்பது வயது, காதில் கருவி. பக்கத்தில் இயக்குநர்கள் நான்கு பேர். நடுவே ஒரு தட்டு, அதன்மேல் சிவப்பு வெல்வெட் துணி. முதல் வரிசையில் நாக்கக்காவும், தட்டைச் சுமந்துவந்த கௌரவத்தோடு அவள் கொழுந்தனும்.

முகவுரை பேசினார். கல்லறைகளில் கிடைத்த தானியத்தைப் பற்றிப் பேசினார். தேதி என்பது பயந்த மனம் போட்ட கோடு என்றார். நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில் துணியை விலக்கினார். இதயம் சிரித்தது. பொட்டலத்தைப் பிரித்தார்.

வாடை முதலில் ஒலிபெருக்கிக்காரனிடம் போனது. அவன் எதையாவது எரித்துவிட்டோமா என்று கம்பிகளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு முதல் வரிசை. பிறகு இரண்டாவது. முகவுரை மட்டும் அதைச் சரித்திரத்தின் வாசனை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ஒரு பிஸ்கட்டைத் தனியே பிரித்தார். கூடவே நூல் நீண்டு வந்தது. அதைச் சுண்டுவிரலால் அறுத்துவிட்டு, பாதியைக் கடித்தார்.

நாக்கக்கா எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அவருடைய தாடை நின்றது. காது மடல்கள் சிவந்தன. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நெற்றி நரம்பு ஒருமுறை எகிறி அடங்கியது. அறுபது பேர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதோ துப்பப் போகிறார், எல்லாம் இத்தோடு தீர்ந்தது என்று நாக்கக்கா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். ஒலிபெருக்கியில், மடக்கென்று, விழுங்குகிற சத்தம் கேட்டது.

"அருமை," என்றார் முகவுரை. சொல் வெளியே வர இரண்டு தவணை ஆனது.

பொது மேலாளர் அருமை என்றதை இயக்குநர்கள் எப்படி மறுப்பது? தட்டு நகர்ந்தது. முதல் இயக்குநர் கடித்தார், மேல்நோக்கிப் பார்த்தார், பிரமாதம் என்றார். இரண்டாமவர் மெல்லாமலே விழுங்கிவிட்டு, கைக்குட்டையை எடுத்து வாயை மூடியபடி தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாமவர் இதில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது என்றார். நான்காமவரிடமிருந்து ஏப்பம் வந்தது. தலைவர் எடுத்த பிஸ்கட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புழு தலையைத் தூக்கி, ஒலிவாங்கியைப் பார்த்து, பேச வேண்டுமா என்று யோசிப்பதைப் போல இரண்டு பக்கமும் ஆடியது. நாக்கக்கா பார்த்தாள். கொழுந்தன் பார்த்து, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். தலைவருக்குக் கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. அவர் முழுசையும் போட்டு நிதானமாக மென்றார்.

"நல்லா மெத்துனு இருக்கு," என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

விழா முடிந்ததும் ஆண்கள் கழிப்பறையில் வரிசை நின்றது. பெரியவர்கள் எல்லாம் வெகு அக்கறையாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாய்களை முழுசாகத் திறந்துவிட்டிருந்தும் மற்றச் சத்தங்கள் தாழ்வாரம் வரை வந்தன. இடம் கிடைக்காத முகவுரை அரை ஓட்டமாக நாக்கக்காவின் அறைக்குள் நுழைந்து, துப்புகிற தொட்டியின் மேல் குனிந்தார். நாக்கக்கா வெந்நீரை ஊற்றி நீட்டினாள். அவர் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். மூன்றாவது முறை கொப்பளித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கையெழுத்து," என்றார். உதட்டோரத்தில் இன்னும் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாக்கக்காவால் அந்த நூலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தொட்டியில் கிடந்ததை அவரும் பார்த்திருக்கிறார், அவளும் பார்த்திருக்கிறாள். அதற்கு மேலே குனிந்து நின்றுகொண்டு இந்த மனிதர் கையெழுத்துக் கேட்கிறார். பிஸ்கட் பேசிக்கொள்ளும் என்று நம்பிய தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சின்னக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் கொழுந்தன் நிற்கிற நிழல் தெரிந்தது. அவனுக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"சார், நான் ஒன்பது போட்ட அஞ்சும் புதுசு. போன மாசத்துச் சரக்கு. பழசு எல்லாத்தையும் தம்பி சாப்பிட்டுட்டு, புதுசை வெச்சு ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்கான். அந்த ரூம்ல நிஜமா பதினெட்டு மாசம் இருந்தது நீங்க இப்போ துப்பினது ஒண்ணுதான். என் கையெழுத்து இதுல விழாது. அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவ நான். அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

முகவுரை உட்கார்ந்தார். அவருக்கு முன்னுரை எதுவும் வரவில்லை, அதுவே அந்தத் தொழிற்சாலையின் வரலாற்றில் முதல்முறை. சின்னக் கதவைத் தட்டினார். அதில் கொழுந்தனின் முகம் தெரிந்தது, சட்டம் போட்ட சான்றிதழ் மாதிரி.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"எத்தனை மாசம் ஆனதை?"

கொழுந்தன் விரல் விட்டு எண்ணினான். பொய் சொல்ல அவனுக்கு எப்போதுமே வராது. "ஆரம்பத்துல எடுத்ததெல்லாம் எட்டு, பத்து மாசம் ஆனது சார். எனக்கு முன்னால இருந்தவர் வெச்சுட்டுப் போனது பதினாலு, பதினாறு மாசம்கூட இருக்கும்."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

"இல்ல சார். எடைதான் எட்டு கிலோ கூடிடுச்சு."

முகவுரையின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவுவதை நாக்கக்கா பார்த்தாள். விளக்கு எரிகிற வெளிச்சம் அல்ல, பேச்சு ஊறுகிற வெளிச்சம். அவர் எழுந்து நின்றார். இரண்டு வருஷம். ஒரு மனிதன். தன்னந்தனியாக. காலக்கெடு கடந்த பண்டங்களைத் தன் உடலிலேயே இட்டு, ஒரு தலைவலிகூட இல்லாமல், எட்டு கிலோ முன்னேற்றத்தோடு நம் முன்னே நிற்கிறான். இதைவிட வேறென்ன ஆராய்ச்சி வேண்டும்? எந்தப் பல்கலைக்கழகம் இதைச் செய்யும்? இத்தனை நாளாக நிறுவனம் தவறான நாக்கை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் நாக்கக்காவிடம். "நீங்க கெட்டதையே தேடறீங்க. கெட்டது கிடைக்குது."

படிவத்தைச் சின்னக் கதவு வழியாக அந்தப் பக்கம் நீட்டினார். கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் இடம் மாறிக்கொண்டார்கள். நாற்காலியும் தொட்டியும் வெந்நீர்க் குடுவையும் அவனுக்கு, மாதிரி அறைச் சாவி அவளுக்கு. வீட்டில் சான்றிதழுக்குப் பக்கத்தில் அவனுடைய புதுப் பதவி உத்தரவையும் சட்டம் போட்டு மாட்டினார்கள். கணவர் சோபாவுக்குப் புது உறை வாங்கினார். கடைகளில் பதினெட்டு மாதத் தேதியோடு இதயம் சிரித்தது.

நாக்கக்கா புது வேலையில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். ஒரு பொட்டலத்தைத் தொடவில்லை, தொட விடவுமில்லை. ஒன்றரை வருஷம் அந்த அறையில் எல்லாம் அதனதன் பாட்டில் பழசாயின. ஒரு வியாழக்கிழமை, ஸ்டிக்கரில் எழுதிய தேதியைச் சரிபார்த்து, ஆறு தட்டுகளைச் சின்னக் கதவு வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அட்டைப்பெட்டி, துணி அலமாரி, காலுறை, மெழுகு பென்சில், இன்னும் ஒன்று, கடைசியில் வார்னிஷ். அந்தப் பக்கம் அவன் மெல்லுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது, பிறகு தொட்டியில் வேறு சத்தம் கேட்டது. வெந்நீர் போதவில்லை போலிருக்கிறது. சின்னக் கதவில் அவன் முகம் வந்தது. கண்ணெல்லாம் நீர்.

"அண்ணி," என்றான்.

"சொல்லு தம்பி."

அவன் காலிக் குடுவையை நீட்டினான். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் குடுவையிலிருந்து கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு உள்ளே திரும்பினான். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் ஆறு முறை கேட்டது. சற்று நேரத்தில் மதிப்பெண் தாள் சின்னக் கதவு வழியாக வந்தது.

ஆறுக்கும் ஒன்பது.